மெட்டும் ஸ்டோரும்: போடி ஏலமலைச் சரிவின் கட்டடங்கள்

போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 26 கிலோமீட்டர் தொலைவில் உள்ள போடிமெட்டு 1,300 மீட்டருக்கும் மேல். இந்த ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்குள் வெயில், மழை, பயிர், வீட்டுக் கூரை எல்லாமே மாறிவிடுகின்றன. தென்மேற்குப் பருவமழையைப் பெருமளவு மலையின் மேற்குப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. போடிக்கு மிஞ்சுவது சாரலும் கணவாய் வழியே வரும் பலத்த காற்றும்தான். மேலே ஈரக்காடு, கீழே வறண்ட சமவெளி. இவை இரண்டுக்கும் நடுவே சரக்கை இறக்கவும் ஆட்களை ஏற்றவும் தலைமுறை தலைமுறையாக எழுப்பப்பட்டவைதான் இந்தச் சரிவின் கட்டடங்கள். பாதை, தங்கல், உலர்த்தும் கூடம், கம்பிவட நிலையம், ரயில் நிலையம், கடை, ஏலக்கூடம் என்று அவை நீள்கின்றன. பெரும்பாலானவை ஏலக்காய்க்காகவும் தேயிலைக்காகவும் கட்டப்பட்டவை. மனிதர்கள் அவற்றைச் சுற்றித் தங்கள் நாளையும் ஆண்டையும் அமைத்துக்கொண்டார்கள். போடியில் ஒருவரைத் தேடிப் போனால், "மேலே போயிருக்கிறார்" என்று வீட்டில் சொல்வார்கள். எந்தத் தோட்டம் என்பது அடுத்த கேள்வி.

இந்த மலைமுகட்டில் தாழ்ந்து வளைந்த இடங்களுக்கு மெட்டு என்று பெயர். போடிமெட்டு, சதுரங்கப்பாறை மெட்டு, தேவாரம்மெட்டு, ராமக்கல்மெட்டு, கம்பம்மெட்டு என்று வடக்கிலிருந்து தெற்காக அவை வரிசையாக இருக்கின்றன. போடி, தேவாரம், கம்பம் ஆகிய ஊர்களின் பெயர்களை அவற்றுக்கு மேலேயுள்ள மெட்டுகளும் தாங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு சமவெளி ஊருக்கும் தனக்கென்று ஒரு வாசல் மலையில் இருந்திருக்கிறது. ஊரின் எல்லை வயலோடு முடியவில்லை. மெட்டைத் தாண்டித் தோட்டத்தில் போய்த்தான் முடிந்தது.

மெட்டுக்கு ஏறிய பழைய பாதைகள் தலைச்சுமைக்காரர்களுக்கும் பொதிக்கழுதைகளுக்குமானவை. காலால் ஏறுகிறவருக்குச் சரிவின் கடுமை பெரிய தடையல்ல. தூரம் குறைந்தால் போதும். ஆகவே அந்தப் பாதைகள் ஓடைகளை ஒட்டிச் செங்குத்தாக ஏறின. தமிழ்நாட்டின் பழைய வழிகளில் காணப்படும் சுமைதாங்கிக் கல் இத்தகைய நடைக்காகவே பிறந்த கட்டுமானம். நட்டுவைத்த இரண்டு கல்லின் மேல் குறுக்கே ஒரு கல், தலைச்சுமை உயரத்துக்கு. சுமக்கிறவர் யார் உதவியும் இல்லாமல் மூட்டையை அதன்மேல் சாய்த்துவிட்டு நிமிரலாம். குனியாமலே திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். ஒரு மனித உடம்பின் அளவை இவ்வளவு துல்லியமாக மதித்த கட்டடம் பிற்காலத்தில் இந்தச் சரிவில் அதிகம் எழவில்லை. அகமலை போன்ற ஊர்களுக்குக் குதிரைகளும் கழுதைகளும் பொதி ஏற்றிச் செல்வது அண்மைக்காலம் வரை நடந்துவந்திருக்கிறது.

தோட்டங்கள் வருவதற்கு முன்பே இந்த மலையில் வீடு கட்டி வாழ்ந்தவர்கள் முதுவர்கள். மதுரையிலிருந்து மீனாட்சி அம்மனின் திருவுருவத்தை முதுகில் சுமந்து வந்ததாக அவர்களுடைய வாய்மொழி மரபு சொல்கிறது. வந்த வழிகளில் ஒன்றாகப் போடியும் பேசப்படுகிறது. மூங்கில், மண், புல் ஆகியவற்றாலான அவர்களது குடியிருப்புகளில் குடும்ப வீடுகள் தவிர இளைஞர்கள் இரவில் தங்க இளந்தாரி மடமும், மணமாகாத பெண்களுக்குக் குமரி மடமும் தனித்தனியே இருந்தன. வயது, உறவு, ஒழுக்கம் ஆகியவற்றை அவர்கள் கட்டடமாகவே வகுத்திருந்தார்கள். குரங்கணிக்கு மேலேயுள்ள முதுவாக்குடி இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. பிற்காலத்துத் தோட்டக்காரர்கள் பயன்படுத்திய வழிகளில் பல, காட்டில் நடந்து பழகிய இவர்களின் தடங்களே.

கீழே சமவெளியில் அதிகாரத்தின் கட்டடம் அரண்மனை. மதுரை நாயக்கர் ஆட்சியில் வகுக்கப்பட்ட 72 பாளையங்களில் ஒன்று போடிநாயக்கனூர். பாளையங்கள் பல கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் அழிந்துபோயின. போடி ஜமீனாக நீடித்து, ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வரும்வரை இருந்தது. அரண்மனையின் லட்சுமி விலாசம் என்னும் பகுதியில் சுவர் முழுக்க ராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டிருக்கின்றன. நாயக்கர் கால ஓவிய மரபின் கடைசித் தொடர்ச்சிகளில் ஒன்றாக அவற்றைக் கருதலாம். சிறு சிறு கட்டங்களாகக் கதை வரிசையாக ஓடும் இத்தகைய சுவரோவியத்தை நின்ற இடத்திலிருந்து பார்த்து முடிக்க முடியாது. சுவரோடு நடந்தாக வேண்டும். கூடத்துக்கு வந்தவரைச் சுற்றி நடக்கவைத்து, அவர் காலடியிலேயே கதையை நகர்த்தும் அமைப்பு அது. ஏலக்காய்ப் பணம் ஊரை மாற்றுவதற்கு முன்பு போடி தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

1816-க்கும் 1820-க்கும் இடையில் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்த வார்டு, கானர் என்னும் ஆங்கிலேய அதிகாரிகளின் குழு இந்த உயர்மலைக்குள் ஏறியது போடிப் பக்கத்திலிருந்துதான். மலைமேல் விளைந்த ஏலக்காய் அப்போது திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைச் சரக்கு. பயிர் செய்தவர்களில் பெரும்பாலோர் போடி, தேவாரம், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிய தமிழர்கள். விளைச்சலோ அரசின் கையால் மேற்கே இறங்கி ஆலப்புழைக்குப் போய் விற்பனையானது. இன்றும் வியாபாரத்தில் முதல்தர ஏலக்காய்க்கு 'ஆலப்பி கிரீன்' என்று பெயர் நிற்பது அந்தக் காலத்தின் மிச்சம். 1896-இல் அரசின் தனியுரிமை நீங்கியது. அதன்பின் சரக்கு எந்தப் பக்கம் இறங்குவது எளிதோ அந்தப் பக்கம் இறங்கலாம் என்றானது. மலையின் கிழக்கு விளிம்பில் இருந்த தோட்டங்களுக்கு அது போடி.

ஏலத்தோட்டத்தின் முதல் கட்டடம் காடுதான். ஏலச்செடிக்கு நேர்வெயில் ஆகாது. நிழலும் சாரலும் சருகு மக்கிய மண்ணும் வேண்டும். ஆகவே தேயிலைத் தோட்டத்துக்குச் செய்வதுபோல மலையை மொட்டையடிக்காமல், அடிக்காட்டை மட்டும் வெட்டி, பலா, சந்தனவேம்பு போன்ற பெருமரங்களை நிறுத்தி, அவற்றின் கிளையைக் கழித்து, வெளிச்சத்தை அளந்து உள்ளே விட்டார்கள். கிளை கழிப்பது பருவமழைக்கு முன்பு. மழைக்காலத்தில் மேகமூட்டத்தால் வெளிச்சம் குறையும்போது அந்தத் திறப்பு தேவைப்படும், கோடைக்குள் தழை திரும்ப மூடிக்கொள்ளும். ஆண்டுதோறும் திருத்தப்படும் கூரை இது. ஏலக்காய் செடியின் தண்டான தட்டையின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியிலிருந்து நீண்டு தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. எனவே காய் எடுப்பவர், பெரும்பாலும் பெண், குனிந்தும் உட்கார்ந்தும் தூருக்குத் தூர் நகர்கிறார். தலைக்கு மேலே எண்பது அடி மரம், தோளுக்கு மேலே தட்டை, கண்ணுக்கு நேரே ஈர மண். தேயிலைச் சரிவில் நிற்பவருக்குத் தெரியும் மலைக்காட்சி எதுவும் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குக் கிடையாது. ஒரே மலையின் இரண்டு பயிர்கள் இரண்டு வேறு உலகங்களைக் கட்டியிருக்கின்றன.

பறித்த பச்சைக்காய் நூற்றுக்கு எண்பது பங்கு நீர். ஒரு நாளுக்குமேல் குவித்துவைத்தால் புழுங்கிக் கெட்டுவிடும். அதைச் சுமார் பத்துப் பன்னிரண்டு பங்கு ஈரத்துக்கு இறக்க வேண்டும். அப்போது ஐந்து கிலோ காய் ஏறக்குறைய ஒரு கிலோவாக நிற்கும். வெயிலில் காயவைத்தால் பச்சை நிறம் வெளுத்துவிடுகிறது. மேலும் அறுவடை தொடங்கும் மாதங்களில் மலையில் வெயிலை நம்ப முடியாது. விலை பச்சை நிறத்துக்குத்தான். இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தது ஸ்டோர். மலையில் எல்லோரும் இந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள். பெயருக்குத்தான் ஸ்டோர், அது வெறும் சேமிப்புக் கிடங்கல்ல, ஏலக்காயை உலர்த்தும் சூளைவீடு.

பழைய முறை ஸ்டோரை உள்ளே நின்று பார்த்தால் அதன் அறிவு புரியும். தடித்த சுவர் கொண்ட உயரமான அறை. அடுப்பின் வாய் அறைக்கு வெளியே இருக்கும். விறகு வைப்பதும் சாம்பல் அள்ளுவதும் அங்கேதான். அடுப்பிலிருந்து இரும்புக் குழாய் அறைக்குள் நுழைந்து, தரையை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே புகைபோக்கியில் போய்ச் சேர்கிறது. புகை குழாய்க்குள்ளேயே ஓடி வெளியேறும்; சூடு மட்டும் அறைக்குக் கிடைக்கும். காயில் புகைநாற்றம் ஒரு பொட்டுக்கூட ஏறக்கூடாது. குழாய்க்கு மேலே சுவர் நெடுக மரச்சட்டங்களில் கம்பிவலைத் தட்டுகள் அடுக்கடுக்காக நிற்கும். காய் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே பரப்பாகத் தட்டில் பரப்பப்படும். சுவரின் அடியில் காற்று நுழையத் துளைகள். மேலே ஈரக்காற்று வெளியேறத் திறப்புகள். தொடக்கத்தில் 45 முதல் 50 டிகிரி வெப்பம். காய் வியர்க்கத் தொடங்கியதும் மேல்திறப்புகளைத் திறந்து அந்த ஆவியை வெளியே தள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது குளிர்ந்து காய்மேலேயே நீராக இறங்கிக் கறையாகும். கடைசியில் கொஞ்ச நேரம் 60 டிகிரிவரை ஏற்றுவார்கள். அப்போதுதான் காம்பு முறுகி, தேய்த்தவுடன் உதிரும். மொத்தம் பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாது. பெரும்பாலும் ஓர் இரவும் ஒரு பகலும். நிறம் தங்குவதற்காக, உலர்த்துமுன் காயைச் சலவைச் சோடா கரைத்த நீரில் பத்து நிமிடம் முக்கியெடுக்கும் வழக்கமும் உண்டு.

அடுப்பைக் காப்பவர் வெப்பமானியைப் பார்க்கிறார். ஆனால் அதைவிட வாசனையை நம்புகிறார். ஈரம் கழியும்போது ஒரு மணம், காய் இறுகும்போது வேறொரு மணம். பறிப்புக் காலத்தில் ஸ்டோர் இரவு முழுக்க எரியும். மழை இருட்டில் தோட்டத்துக்குள் வெளிச்சமும் வெப்பமும் உள்ள ஒரே இடம் அதுவாக இருக்கும். ஆட்கள் அதன் வெளிச்சுவரில் முதுகைச் சாய்த்துக் குளிர்காய்வார்கள். பச்சைக்காய் காத்திருக்காது என்பதால் ஸ்டோரைத் தோட்டத்துக்குள்ளேயே, சாக்கைச் சுமந்து வரும் தூரத்தில் கட்டியாக வேண்டும். தோட்டத்துப் பாதைகளெல்லாம் அதை நோக்கி இறங்கும். எடை போடுவதும் ஆள் கணக்கு எடுப்பதும் பெரும்பாலும் அதன் முற்றத்தில்தான். தெய்வமோ மன்னனோ இல்லாத ஒரு கட்டடம் ஊரின் நடுவிடத்தைப் பிடித்துக்கொண்டது இப்படித்தான்.

உலர்த்தும் தேவை கட்டடத்துக்கு உருக் கொடுப்பது உலகில் வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பீருக்கான ஹாப்ஸ் பூவை உலர்த்த எழுந்த சூளைவீடுகளின் கூம்புக் கூரையும், காற்றுப்போக்குக்கு ஏற்பத் திரும்பும் அதன் வெள்ளை முகடும் அந்த நாட்டுப்புறத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டன. பலவற்றை இன்று வீடாக்கிக் காத்துவருகிறார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏலக்காய் சென்று சேர்ந்த குவாத்தமாலா பின்னாளில் உலகச் சந்தையில் இந்தியாவை முந்தியது. அங்கும் ஆல்ட்டா வெராபாஸ் மலையின் ஈரத்தில் விறகுச் சூடு ஓடும் உலர்கூடங்கள்தான் தொழிலின் முதுகெலும்பு. ஏலமலையின் ஸ்டோருக்கோ, இத்தனை தொழில்நுட்பம் அடங்கியிருந்தும், கட்டடக்கலை நூல்களில் இடம் கிடைக்கவில்லை. தகரம் மாற்றி, சுவர் இடித்து, புதிய உலர்த்திகளுக்கு இடம் விட்டுப் பழைய ஸ்டோர்கள் மறைந்துகொண்டிருக்கின்றன. அளந்து வரைந்து வைக்கவாவது யாரேனும் முன்வர வேண்டிய வேலை இது.

ஸ்டோருக்குக் கொடுத்த கவனம் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குக் கொடுக்கப்படவில்லை. ஒரே கூரையின்கீழ் வரிசையாக அறைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சிறு தாழ்வாரம், உள்ளே ஒரு மூலையில் அடுப்பு. காய் உலர்த்தும் அறையில் புகை உள்ளே வரக்கூடாதென்று இரும்புக் குழாய் போட்டவர்கள், மனிதர் தூங்கும் அறையில் அடுப்புப் புகைக்கு வழி வைக்கத் தவறினார்கள். 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, குடிநீர், மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை உரிமையாளரின் கடமையாக்கியது. பெரிய தேயிலைக் கம்பெனிகளை அது ஓரளவு கட்டுப்படுத்தியது. ஏலத்தோட்டங்கள் பெரும்பாலும் சிறியவை. பலவும் சட்டத்தின் அளவுக்கே வராதவை. அங்கே லயத்துக்கு மாற்றாக வந்தது வேறொரு ஏற்பாடு. ஆட்கள் சமவெளியிலேயே குடியிருந்து, நாள்தோறும் ஜீப்பில் ஏறி இறங்கினார்கள். அதைப் பின்னர் பார்க்கலாம்.

ஏலக்காய் மூட்டை சிறியது, விலை உயர்ந்தது; தலையிலும் கழுதையிலும் இறக்கினாலும் கட்டுப்படியாகும். தேயிலைக்கு அது முடியாது. 1877-இல் பூஞ்சார் ராஜாவிடமிருந்து கண்ணன்தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோ ஒப்பந்தமாகப் பெற்றார். 1879-இல் வடதிருவிதாங்கூர் நிலத்தோட்ட வேளாண் சங்கம் உருவானது. 1897-இல் கண்ணன்தேவன் மலை விளைபொருள் கம்பெனி வந்தது. மூணாறில் தேயிலை விளைந்து குவிந்தது. வெளியே கொண்டுபோக மேற்கே நல்ல சாலை இல்லை. எல்லாம் போடிப் பக்கம்தான் இறங்க வேண்டியிருந்தது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலையின் விளிம்பிலிருந்து கோட்டகுடிப் பள்ளத்தாக்குக்குக் கம்பிவடம் இழுக்கப்பட்டது. 1902-இல் மூணாறிலிருந்து அந்த விளிம்புவரை குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். ஒரு சக்கரம் தண்டவாளத்திலும் மற்றொரு பெரிய சக்கரம் தரையிலும் ஓட, மாடுகள் இழுத்தன. 1908-இல் அது நீராவி எஞ்சின் ஓடும் இரண்டடிக் குறும்பாதையானது.

தேயிலைப் பெட்டியின் பயணம் இப்படி அமைந்தது. மூணாறிலிருந்து ரயிலில் மலைவிளிம்பில் உள்ள டாப் ஸ்டேஷன். அங்கே கம்பிவடத்தில் மாட்டப்பட்டு அந்தரத்தில் சுமார் ஐந்து கிலோமீட்டர் இறக்கம். நடுவே சென்ட்ரல் ஸ்டேஷன். அடிவாரத்தில் பாட்டம் ஸ்டேஷன். பிறகு மாட்டுவண்டியில் போடி. தொடக்கத்தில் போடிக்கும் ரயில் இல்லை. கொடைக்கானல் ரோடு பக்கமுள்ள அம்மையநாயக்கனூர் நிலையம்வரை வண்டிதான். கீழிருந்து அதே வடத்தில் அரிசியும் பலசரக்கும் மேலே ஏறின. மூணாறின் உலையில் கொதித்தது சமவெளியின் அரிசி. ரயிலும் வடமும் சேர்ந்து இரண்டு நாள் நடையைச் சில மணி நேரமாகச் சுருக்கின, ஆனால் பெட்டிகளுக்கு மட்டும். ஆட்கள் அப்போதும் நடந்தே ஏறினார்கள். தலைக்கு மேல் பெட்டிகள் ஊர்ந்து போக, அதன் நிழலில் மூட்டையோடு ஏறியவர்களின் மலை வேறு. பெட்டி கண்ட மலை வேறு.

1924 ஜூலையில் பெய்த பெருமழை குண்டளை ரயிலை அடித்துக்கொண்டு போனது. கொல்லம் ஆண்டு 1099-இல் வந்ததால் கேரளத்தில் அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம். ரயில் மீண்டும் போடப்படவில்லை. 1931-இல் ஆலுவாயிலிருந்து மூணாறுக்குப் புதிய சாலை திறந்ததும் தேயிலை மேற்கே திரும்பியது. கம்பிவடம் மெல்ல ஓய்ந்தது. டாப் ஸ்டேஷனில் வடநிலையத்தின் இடிபாடுகள் இன்றும் நிற்கின்றன. கோட்டகுடிச் சரிவின் நடுவே உள்ள சிற்றூருக்குச் சென்ட்ரல் என்பதே பெயர். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு நடக்கும் மலையேற்றக்காரர்கள் செல்வதும் ஏறக்குறைய அந்த வடத்தின் வழியைத்தான். அதே பக்கத்தில் இன்னும் உயரத்தில் இருக்கும் கொழுக்குமலைத் தேயிலைத் தொழிற்சாலை 1930-களைச் சேர்ந்தது. கொழுந்தை வாடவைக்கப் பரந்த மேல்தளம், அதிலிருந்து கீழே இறங்க இறங்க அடுத்தடுத்த வேலைகள் என்ற பழைய ஏற்பாட்டையும் அந்தக் காலத்து இயந்திரங்களையும் அங்கே காணலாம். நிலம் தேனி மாவட்டத்தில். வாகனம் போகும் வழியோ கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து.

மதுரையிலிருந்து போடிக்கு 90 கிலோமீட்டர் ரயில்பாதை 1928-இல் வந்தது. அதே 1928-இல்தான் பொறியாளர் பிரிஸ்டோவின் முயற்சியால் ஆழப்படுத்தப்பட்ட கொச்சித் துறைமுகத்தின் உள்துறைக்குள் முதல் கப்பல் நுழைந்தது. மலையின் கிழக்கு வாசலுக்கு ரயில் வந்து சேர்ந்த வேளையில், மேற்கு வாசல் கடலையே திறந்துகொண்டது. மூணாற்றுத் தேயிலைக்காகக் காத்திருந்த தண்டவாளம் தேயிலையின் நல்ல காலத்தில் சில ஆண்டுகளையே பார்த்தது. இரண்டாம் உலகப்போரின்போது இந்தப் பாதை பிரித்தெடுக்கப்பட்டது. 1950-களின் முற்பகுதியில் திரும்பப் போடப்பட்டது. ஏலக்காய், இலவம்பஞ்சு, மாங்காய் என்று ஊரின் சரக்கு அதில் போனது. போடி நிலையம் கடைசி நிலையம். தண்டவாளம் மலையைப் பார்த்தபடி முடிகிறது. 2010 இறுதியில் அகலப்பாதைக்காக மீட்டர் கேஜ் ரயில் நிறுத்தப்பட்டது. தேனிவரை 2022 மே மாதத்திலும், போடிவரை 2023 ஜூனிலும்தான் ரயில் திரும்பியது. பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயிலே வராத ரயில் நிலையம் உள்ள ஊரில் வளர்ந்தார்கள்.

சாலையின் கதை மெட்டோடு கட்டுண்டது. அடிவாரத்து முந்தலில் தொடங்கிப் போடிமெட்டு முடிய 17 கொண்டை ஊசி வளைவுகள். வண்டிக்கு ஏற்றம் ஒரு அளவுக்குமேல் ஆகாது. அதனால் பாதை மலையின் முகத்தில் இடமும் வலமுமாக இழைந்து ஏறுகிறது. ஏறுகிறவருக்குச் சமவெளி ஒரு வளைவில் இடக்கைப்பக்கம், அடுத்ததில் வலக்கைப்பக்கம் என்று மாறி மாறித் தெரியும். மாந்தோப்பு, கண்மாய், தென்னை, ஊர்க்கூரைகள் என்று ஒவ்வொன்றாகச் சிறுத்துக்கொண்டே வந்து, புலியூத்துக்கு மேலே போகப் போக மூடுபனியில் அழிந்துவிடும். நடைபாதையில் ஏறியவருக்குக் கிடைக்காத இந்தக் காட்சி, ஊரை மேலிருந்து ஒரே பார்வையில் பார்க்கும் பழக்கத்தைப் போடிக்காரர்களுக்குக் கொடுத்தது. இன்று இது கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் பகுதி.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டாரங்கள் கேரளத்தோடு போயின. அவற்றைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டுமென்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம் அந்த எல்லையை மாற்றவில்லை. உரிமையாளர் வீடு ஒரு மாநிலத்தில், அவருடைய தோட்டமும் ஸ்டோரும் மற்றொரு மாநிலத்தில் என்ற நிலை வந்தது. களைத்து ஏறியவர் சுமையிறக்கி இளைப்பாறிய மெட்டில் சோதனைச் சாவடிகள் எழுந்தன. குறுக்குக்கட்டை, காவலர் அறை, வனத்துறை அறை, வரித்துறை அறை. 2017-இல் சரக்கு சேவை வரி வந்து வரிச்சாவடிகளின் தேவை போனது. ஆனால் கதவு கதவுதான். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணை விவகாரத்தில் பதற்றம் மூண்டபோது தமிழ்த் தொழிலாளர்கள் உயிருக்கு அஞ்சி மெட்டுகள் வழியே இறங்கினார்கள். 2020-இல் கொரோனா ஊரடங்கில் காய் செடியிலிருக்க, தோட்டக்காரர்களும் ஆட்களும் அனுமதிச்சீட்டுக்காகக் கீழே காத்துக் கிடந்தார்கள்.

மற்ற நாட்களில், பறிப்புக் காலமான ஆடி முதல் மாசிவரை, போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் விடியலுக்கு முன்பே ஜீப்புகள் நிரம்பிவிடும். தூக்குச்சட்டியும் காய்ப்பையும் மழைத்தாளுமாகப் பெண்கள் நெருக்கிக்கொண்டு ஏறுவார்கள். அளவுக்குமேல் ஆள் ஏற்றிய ஜீப்புகள் விபத்தில் சிக்கிய செய்திகள் இந்தச் சாலைகளில் எத்தனையோ. பொழுது சாய்வதற்குள் அவர்கள் திரும்ப வேண்டும். காலையில் மேகத்துக்குள்ளும் மாலையில் சமவெளிப் புழுக்கத்துக்குள்ளும் வாழும் இந்த இரட்டைத் தட்பவெப்பம் கட்டடம் இல்லாததால் வந்தது. மேலே தகுந்த வீடு கட்டப்பட்டிருந்தால், சாலையே அவர்களுக்கு வீடாகியிருக்க வேண்டியதில்லை.

உலர்ந்த காய் மலையின் ஈரத்தில் நெடுநாள் இருந்தால் மீண்டும் ஈரம் இழுக்கும், நிறம் மங்கும். மலையின் மழைமறைவில் உள்ள போடியின் வறண்ட காற்று அதற்குப் பாதுகாப்பு. ஏலக்காய் வியாபாரம் இங்கே குவிந்ததற்குச் சாலை வசதி மட்டுமல்ல, இந்தக் காற்றும் ஒரு காரணம். ஏலக்காய்க் கடைகளின் உள்ளமைப்பு இதற்கேற்றது. காய்க்கு வெளிச்சமும் பகை என்பதால், சாக்குக்குள் கருப்புப் பாலித்தீன் உறை போட்டு இருட்டறையில் அடுக்கப்படும். ஆனால் தரம் பிரிக்க வெளிச்சம் வேண்டும். ஆகவே பின்னால் இருட்டுக் கிடங்கு, முன்னால் அல்லது முற்றத்தில் வெளிச்சமான தரம்பிரிக்கும் இடம் என்று ஒரே கடை இரண்டாகப் பிரிகிறது. அங்கே பெண்கள் வரிசையாக அமர்ந்து வெடித்த காயையும் வெளுத்த காயையும் கையால் பொறுக்குகிறார்கள். சல்லடைகள் 8 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று காயைப் பருமனால் வகுக்கின்றன. நிறத்தையும் பழுதையும் கண்தான் வகுக்க வேண்டும். அந்தக் கண்ணுக்குத் தேவையான வெளிச்சத்துக்காகவே கூரையில் கண்ணாடி ஓடுகளும் சன்னல்களும் இடம்பெறுகின்றன.

ஏலக்காய் விற்பனைக்கு அரசு உருவாக்கிய ஒழுங்கு, 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஏலக்காய் வாரியத்தில் தொடங்கி, 1987-இல் அமைந்த நறுமணப் பொருள் வாரியத்தின் கைக்கு வந்தது. பழைய ஏலக்கூடத்தில் மாதிரிக் காய் கைக்குக் கை போகும்; விலையைக் கூவிச் சொல்வார்கள்; யார் எவ்வளவு ஏற்றுகிறார் என்பதை முகத்திலேயே படிக்கலாம். 2007-இல் போடியில் மின்னணு ஏலம் வந்தது. ஒவ்வொரு வியாபாரியின் முன்னாலும் ஒரு கணினி; முன்சுவரில் திரை; அதில் குவியலின் எண்ணும் எடையும் ஓடும் விலையும். கேட்பவர் யாரென்று பக்கத்து இருக்கைக்குத் தெரியாது. குரலுக்கு வேலை இல்லாமல் போனதால் கூடம் அமைதியானது. வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்குவதைத் தடுக்க இந்த அமைப்பு உதவும் என்பது எதிர்பார்ப்பு. மாறாமல் இருப்பது மாதிரித் தட்டு. அது மேசைக்கு வந்ததும் வியாபாரி ஒரு காயை எடுத்துப் பிளந்து, உள்ளே உள்ள விதையின் கருமையைப் பார்த்து, முகர்ந்து, வாயிலும் போட்டுவிட்டுத்தான் விசையைத் தட்டுகிறார். கேரளத்தில் வண்டன்மேடு அருகே புத்தடியில் உள்ள நறுமணப் பொருள் பூங்கா இதற்கு இணையான மற்றொரு ஏலமையம். மலைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று.

1990-களுக்குப் பின் மலை மீண்டும் மாறத் தொடங்கியது. கட்டப்பனைப் பகுதி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ஞள்ளானி ரகம் விளைச்சலைப் பன்மடங்காக்கியது. கூடுதல் வெளிச்சத்திலும் அது காய்த்ததால் தோட்டங்களில் நிழல்மரம் குறைந்தது; காட்டுக்கூரையில் ஓட்டை பெரிதானது. வெளிச்சமும் உரமும் தண்ணீரும் பூச்சிமருந்தும் கூடின; தோட்டத்துக்குள் நின்றால் இப்போது வானம் தெரிகிறது, முன்பு தெரியாது. ஸ்டோர்களில் விறகின் தட்டுப்பாட்டால் டீசலிலும் வாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் உலர்த்திகள் வந்தன. அவை ஒரு தகரக் கொட்டகைக்குள் அடங்கும் இரும்புப் பெட்டிகள். தடித்த சுவரும் மரத்தட்டு அடுக்கும் அவற்றுக்குத் தேவையில்லை. சிறு விவசாயிகள் சொந்த ஸ்டோர் இல்லாமல் கூலிக்கு உலர்த்தித் தரும் இடங்களுக்குப் பச்சைக்காயைக் கொண்டுபோகிறார்கள். அவை சாலையோரத்தில் அமைவதால் தோட்டத்தின் நடுவிடம் தோட்டத்தை விட்டே வெளியேறியிருக்கிறது.